நிறுவனர் விலகிவிட்டார்; பார்வையாளர்களைத் தக்கவைப்பது எப்படி?

கேள்வி:

வணக்கம். இசைக்கருவி வாசிக்கக் கற்றுத்தரும் ஒரு வீடியோ ஸ்டார்ட்அப்பில் பார்வையாளர் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்களுக்குச் சொந்த இணையதளம் இருக்கிறது, யூடியூப் சேனலும் இருக்கிறது. கம்பெனியைத் தொடங்கியவரே இத்தனை நாளும் சிஇஓ. வாரம் ஒருமுறை நேரலையில் வந்து கற்பவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னவரும் அவர்தான். மூன்று மாதத்துக்கு முன் போர்டு அவரை ஆலோசகர் பொறுப்புக்கு நகர்த்திவிட்டு, விளம்பரத் துறையிலிருந்து ஒருவரை சிஇஓவாகக் கொண்டுவந்தது. அதோடு நேரலையும் நின்றுவிட்டது. "சார் எங்கே?" என்று கமெண்டில் தினமும் கேட்கிறார்கள். அதையெல்லாம் அழிக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. இரண்டு காலாண்டுக்குள் வியூஸ் இரண்டு மடங்காக வேண்டும், முகப்புப் பக்கத்தில் வீடியோ தானாக ஓட வேண்டும், மொபைலில் இணையதளம் பார்ப்பவர்களை ஒரு நிமிடத்தில் நிறுத்தி ஆப்பை இறக்கச் சொல்ல வேண்டும் என்கிறார் புதியவர். பழையவரோ இரவு நேரத்தில் எனக்கு நேரடியாக மெசேஜ் அனுப்பி, அதைச் செய்யாதே, இதைச் செய் என்கிறார். திரும்பி வரும் பார்வையாளர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது? வேலையை விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

உங்கள் கடிதத்தில் பல சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உடனே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கமெண்ட்களை அழிப்பதை நிறுத்த இன்றைக்கே வழி பாருங்கள். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும்.

"சார் எங்கே?" என்று கேட்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். தேடலில் தடுக்கி விழுந்து ஒரு வீடியோ பார்த்துவிட்டுப் போகிறவருக்கு சாரையே தெரியாது. வாரா வாரம் வந்து உட்கார்ந்தவர்தான் அப்படிக் கேட்பார். உங்களிடம் இருப்பதிலேயே விலைமதிப்புள்ள பார்வையாளர் அவர். அவர் எழுதியது காணாமல் போனால் அது அவர் கண்ணில் படாமல் இருக்காது. இன்னொரு முறை எழுதிப் பார்ப்பார், இந்த முறை கொஞ்சம் சூடாக. அதுவும் போனால் ஸ்கிரீன்ஷாட்டோடு வேறு இடத்தில் எழுதுவார். போர்டு ஒரு சிஇஓவை மாற்றுவது சாதாரணச் செய்தி. அதில் மறைக்க எதுவும் இல்லை. மறைக்கப் போய்த்தான் அதில் ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் பிறக்கிறது.

உத்தரவை மீறச் சொல்லவில்லை. சிஇஓவிடம் மாற்று வழியோடு போங்கள். "அழிப்பதற்குப் பதிலாக ஒரே ஒரு பதிலை எழுதி எல்லா வீடியோவிலும் மேலேயே நிற்கும்படி பின் செய்து வைக்கிறேன், பத்து நாளில் இந்தக் கேள்வி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பதில் இப்படி இருக்கலாம்: "நேரலையை இத்தனை நாள் நடத்தியவர் இப்போது எங்கள் ஆலோசகராக இருக்கிறார். வகுப்புகள் தொடரும். அடுத்த நேரலை இந்தத் தேதியில், இந்த ஆசிரியருடன். கேள்விகளை இங்கேயே எழுதுங்கள்." இவ்வளவு போதும். "புதிய பயணம்", "அடுத்த கட்டப் பாய்ச்சல்" போன்ற வார்த்தைகள் வேண்டாம். கற்க வந்தவருக்கு நிறுவனத்தின் பதவிப் பட்டியலில் அக்கறை கிடையாது. வகுப்பு உண்டா, என்றைக்கு, யார் எடுப்பார், கட்டிய பணத்துக்கு என்ன ஆகும் என்பதற்குத்தான் அவர் பதில் தேடுகிறார்.

இதைச் சொல்லும்போது தேதி உறுதியாக இருக்க வேண்டும். தேதி இல்லாத அறிவிப்பு சந்தேகத்தைத்தான் வளர்க்கும். முடிந்தால் பழையவரும் புதிய ஆசிரியரும் சேர்ந்து இரண்டு நேரலை நடத்தட்டும். முதலாவதில் பழையவர் பெரும்பாலும் பேசட்டும், இரண்டாவதில் புதிய ஆசிரியர் பேசட்டும், மூன்றாவதில் அவர் மட்டும். பார்த்துப் பழகிய முகம் தானே கைகாட்டி அறிமுகம் செய்துவைத்தால், வருகிறவருக்கு வேறு சிபாரிசு தேவையில்லை. அதற்கு முன் அவருடைய ஒப்பந்தத்தில் அவர் முகத்தையும் பெயரையும் பயன்படுத்துவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நிர்வாகத்திடம் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். பழைய நேரலைப் பதிவுகள் தளத்தில் இருக்கலாமா என்பதும் அதில்தான் அடங்கியிருக்கும். ஒன்று மட்டும் வேண்டாம்: புதிய சிஇஓவை நேரலையில் உட்கார வைக்காதீர்கள். கிட்டார் கேள்வியோடு வருபவருக்குக் கிட்டார் தெரிந்தவர் பதில் சொல்ல வேண்டும்.

இனி வியூஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் மையமே இதுதான் என்று நினைக்கிறேன்.

தலைமை மாறும்போது அறைக் கதவில் பெயர்ப்பலகை மாறுவது எல்லோருக்கும் தெரிகிறது. மீட்டிங்கில் திரையில் காட்டப்படும் எண் மாறுவதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. வீடியோ நிறுவனத்தின் தலையெழுத்தை அந்த எண்தான் எழுதுகிறது. யூடியூபையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடங்கிய மூவரில் ஒருவரான சாட் ஹர்லி, 2010 அக்டோபரில் உங்கள் நிறுவனரைப் போலவே ஆலோசகர் பொறுப்புக்கு ஒதுங்கினார். சலார் கமங்கர் தலைமைக்கு வந்தார். அவர் காலத்தில், 2012இல், வியூஸ் எண்ணிக்கையைப் பின்னுக்குத் தள்ளி, பார்க்கும் நேரத்தை வைத்து வீடியோக்களைப் பரிந்துரைக்கத் தொடங்கினார்கள். உடனே வியூஸ் சரிந்தது. கவர்ச்சியான தம்ப்நெயிலை (வீடியோவின் முன்படத்தை) வைத்து க்ளிக் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். நிர்வாகம் பின்வாங்கவில்லை. 2016 முடிவதற்குள் ஒரு நாளில் 100 கோடி மணி நேரம் பார்க்கப்பட வேண்டும் என்று இலக்கும் வைத்தார்கள். 2014 பிப்ரவரியில் சூசன் வொஜ்சிக்கி தலைமைக்கு வந்தார். அந்த இலக்கு அவர் வைத்ததல்ல. கலைத்துவிட்டுத் தன் பெயரில் புதிதாக ஒன்றை வைத்திருக்கலாம். அவர் அதையே தொடர்ந்தார். 2016 அக்டோபரில் இலக்கு எட்டப்பட்டது. தலைமை மாறியும் அளவுகோல் நிலைத்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை.

அந்த அளவுகோலும் பழுதில்லாதது அல்ல. நேரத்தை மட்டுமே துரத்தினால், பரபரப்பைக் கிளப்பி ஆளை உட்கார வைக்கும் வீடியோக்கள் மேலே வந்துவிடும். அதனால்தான் யூடியூப் பின்னாளில் பார்வையாளரிடம் "இது பிடித்திருந்ததா?" என்று நேரடியாகக் கேட்கும் கணக்கெடுப்புகளையும் சேர்த்துக்கொண்டது, 2019இல் எல்லைமீறும் உள்ளடக்கத்தின் பரிந்துரையைக் குறைப்பதாக அறிவித்தது. உங்கள் தளத்துக்குப் பார்க்கும் நேரமும் முழுப் பொருத்தமில்லை. 20 நிமிடப் பாடத்தை 8 நிமிடத்தில் புரியவைக்க முடிந்தால் அது உங்களுக்கு வெற்றி. நேரத்தை மட்டும் அளந்தால் அது தோல்வியாகத் தெரியும்.

அப்படியானால் எதை எண்ணுவது? கற்றுத்தரும் தளத்துக்கு நான் முதலில் கேட்கும் எண் ஒன்றுதான். ஒரு மாதத்தில் முதன்முறையாக வந்த 1,000 பேரில், 28 நாளுக்குள் திரும்பி வந்து இரண்டாவது பாடத்தைத் திறந்தவர்கள் எத்தனை பேர்? நிறுவனர் இருந்த கடைசி மாதம், மாற்றம் நடந்த மாதம், அதற்குப் பின் வந்த மாதம் என்று மூன்று கூட்டங்களாகப் பிரித்து இந்தக் கணக்கைப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு கூட்டத்தையும் நேரலை பார்த்தவர்கள், பார்க்காதவர்கள் என்று இரண்டாகப் பிரியுங்கள். நேரலை பார்த்தவர்கள் மட்டும் குறைந்திருந்தால், நேரலை நின்றதுதான் காரணம் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் குறைந்திருந்தால் வேறு எங்கோ ஓட்டை: தளம் மெதுவாகியிருக்கலாம், தேடலில் கீழே போயிருக்கலாம், அதே நேரத்தில் யாராவது மெனுவை மாற்றியிருக்கலாம். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் "நிறுவனர் போனதால்தான் எல்லாம் போச்சு" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நிறுவனரிடம் பாசமுள்ள குழுக்களில் இந்த முடிவு ஆதாரம் கேட்காமலே ஒட்டிக்கொள்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. சஃபாரி உலாவி, வந்தவரை அடையாளம் காணத் தளத்தின் ஸ்கிரிப்ட் போடும் குக்கீகளை (சிறு குறிப்புகளை) 7 நாளில் அழித்துவிடும். எட்டாவது நாள் திரும்பி வரும் பழைய ஆள் உங்கள் டேஷ்போர்டில் புதிய ஆளாகத் தெரிவார். ஆகவே லாகின் செய்தவர்களை மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும் அது நிஜம்.

புதிய சிஇஓ விளம்பரத் துறையிலிருந்து வந்தவர் என்பதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வாதத்தில் அது உங்களுக்குச் சாதகம். போலி எண்ணுக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக், வீடியோக்களின் சராசரிப் பார்வை நேரத்தைத் தான் கூட்டிக் காட்டியதாக ஒப்புக்கொண்டது. 3 விநாடிக்கும் குறைவாகப் பார்த்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்களின் எண்ணிக்கையால் வகுத்ததால் சராசரி உப்பியிருந்தது. விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டார்கள், 2019இல் 4 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. அவ்வளவு பெரிய நிறுவனம் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். ஸ்டார்ட்அப்பால் முடியாது.

ஆட்டோபிளேயும் இதே சிக்கல்தான். முகப்பில் வீடியோ தானாக ஓடினால் வியூஸ் நிச்சயம் ஏறும், ஆள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். ஆனால் சஃபாரி 2017இலும் க்ரோம் 2018இலும் சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோக்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டன. முதல்முறை வருகிறவருக்கு அது ஊமையாகத்தான் ஓடும். சமையல் வீடியோ ஊமையாக ஓடினாலும் பார்க்கலாம். இசை வகுப்பு ஊமையாக ஓடினால் யாருக்கு என்ன பயன்? இதை சிஇஓவிடம் வாயால் சொல்லாதீர்கள். அவர் போனிலேயே ஒரு சோதனைப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். பத்து விநாடியில் அவரே மூடிவிடுவார்.

ஆப் விஷயத்தில் கொஞ்சம் உறுதியாகவே நில்லுங்கள், ஏனென்றால் இதில் தெளிவான ஆதாரம் இருக்கிறது. 2015இல் கூகுள் தன் கூகுள் பிளஸ் சமூக வலைதளத்தில் செய்த சோதனையின் முடிவை வெளியிட்டது. மொபைலில் வருபவர்களை மறித்து "ஆப்பை இறக்குங்கள்" என்று முழுத்திரையில் கேட்டபோது, அந்தப் பொத்தானை அழுத்தியவர்கள் 9 சதவீதம். ஆப் ஸ்டோருக்கும் போகாமல், தளத்துக்குள்ளும் வராமல் அப்படியே வெளியேறியவர்கள் 69 சதவீதம். அந்த மறிப்பை எடுத்துவிட்டுச் சிறிய பட்டையாக மாற்றியதும் மொபைல் தளத்தின் தினசரிப் பயனர்கள் 17 சதவீதம் கூடினார்கள். ஐபோன் ஆப் இறக்கம் குறைந்தது வெறும் 2 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் இப்படி மறிக்கும் பக்கங்களை மொபைலுக்கு உகந்ததாகக் கணக்கில் கொள்வதைக் கூகுள் தேடலும் நிறுத்தியது. உங்கள் சிஇஓவுக்கு இந்த நான்கு வரி போதும் என்று நினைக்கிறேன்.

பழைய கதை ஒன்றும் இருக்கிறது. ஸ்கைப்பைத் தொடங்கிய நிக்லாஸ் சென்ஸ்ட்ரோமும் யானுஸ் ஃப்ரீஸும் அடுத்து ஜூஸ்ட் என்ற இணைய வீடியோ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பணத்துக்குக் குறைவில்லை. 2007இல் நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோவிலிருந்து மைக் வோல்பியை அழைத்து சிஇஓ ஆக்கினார்கள். ஆனால் பார்க்க வேண்டுமானால் தனி மென்பொருளை இறக்கி நிறுவ வேண்டும். யூடியூபில் ஒரு க்ளிக்கில் வேலை முடிந்துகொண்டிருந்த காலம் அது. 2008இல் உலாவிக்கு மாறினார்கள், தாமதமாக. 2009 நடுவில் வோல்பி தலைமையை விட்டார், ஆண்டு முடிவதற்குள் சொத்துகள் விற்கப்பட்டன. 2020இல் வந்த க்விபி என்ற சிறு வீடியோ ஆப்பும் இதே வழியில் சறுக்கியது. 175 கோடி டாலர் திரட்டியிருந்தார்கள். தொடக்கத்தில் போனில் மட்டும்தான் பார்க்கலாம், பிடித்த காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பருக்கு அனுப்பக்கூட வழியில்லை. ஏப்ரலில் தொடங்கியது டிசம்பரில் மூடப்பட்டது. இரண்டு நிறுவனங்களுக்கும் வேறு நோய்களும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனாலும் பார்வையாளருக்கும் வீடியோவுக்கும் நடுவில் ஒரு வேலி போடும் முன் இரண்டையும் நினைத்துப் பாருங்கள்.

மறுப்பதோடு நின்றால் சிஇஓ உங்களை முட்டுக்கட்டை என்றுதான் நினைப்பார். மாற்றாக என்ன செய்யலாம் என்பதையும் கையில் கொண்டுபோங்கள். எல்லா வீடியோக்களையும் ஒரேயடியாகப் பார்க்க வேண்டாம். அதிகம் திறக்கப்படும் பாடம் ஒன்றின் ரிட்டென்ஷன் வரைபடத்தை (எந்த விநாடியில் எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டுவது) மட்டும் எடுங்கள். தொடக்கத்தில் செங்குத்தாக ஒரு சரிவு இருக்கும். அந்த இடத்தில் என்ன ஓடுகிறது? பெரும்பாலும் லோகோ சுழலும், பிறகு "வணக்கம், இன்றைய பாடத்தில் நாம் பார்க்கப்போவது" என்று ஒரு முன்னுரை வரும். அதை வெட்டிவிட்டு, பாடம் முடிந்ததும் கற்பவர் என்ன வாசிப்பாரோ அதை முதல் பத்து விநாடியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து, நடுவில் வரைபடம் மேலெழும் இடத்தைத் தேடுங்கள். அந்த இடத்தை ஆட்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். கிட்டார் பாடமாக இருந்தால் அநேகமாக ஒரு கார்டிலிருந்து (பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் பிடி) இன்னொரு கார்டுக்கு விரல் மாறும் இடமாக இருக்கும். அந்தத் துண்டைப் போட்டுப் பாருங்கள்: இடது கை தெரிகிறதா, இல்லை கேமரா ஆசிரியரின் முகத்தில் நிற்கிறதா? முகத்தில் நின்றால், அந்த ஒரு நிமிடத்தை மட்டும் விரல் தெரிகிற கோணத்தில் திரும்ப எடுத்துச் சேருங்கள். மறுபடி படமெடுக்க அரை நாள் கூட ஆகாது.

அந்தப் பாடத்துக்குக் கீழே இருக்கும் கமெண்ட்களிலும் இதே இடம் வந்திருக்கும் பாருங்கள். "4:10இல் மோதிர விரல் எங்கே வைக்கணும்?" என்று எழுதியிருப்பார்கள். திருத்திய வீடியோவை ஏற்றியதும், கேட்டவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக "உங்கள் கேள்வியால் இந்த இடத்தை மறுபடி எடுத்தோம், பாருங்கள்" என்று பதில் எழுதுங்கள். தான் கேட்டதால் வீடியோவே மாறியது என்று தெரிந்தவர் அந்தத் தளத்தை லேசில் விடமாட்டார். பார்வையாளர் ஈடுபாடு என்று கருத்தரங்குகளில் பெரிதாகப் பேசப்படுவது பெரும்பாலும் இந்தப் பொறுமையான வேலைதான். இதற்கு ஆள் வேண்டும், ஆசிரியர்களின் நேரம் வேண்டும். சிஇஓவிடம் பட்ஜெட் கேட்பதானால் இதற்குக் கேளுங்கள்.

இன்னொன்று. யூடியூபிலும் அதே பாடம் கிடைக்கும்போது ஒருவர் ஏன் உங்கள் தளத்துக்கு வர வேண்டும்? இதற்கு உங்கள் தளத்தில் இன்று பதில் இருக்கிறதா என்று நேர்மையாகப் பாருங்கள். கஷ்டமான நான்கு விநாடியை மட்டும் சுற்றிச் சுற்றி ஓடவிடும் பொத்தான், சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் வசதி, போன வாரம் விட்ட இடத்தை நினைவில் வைத்திருப்பது, விநாடியைக் குறித்துக் கேள்வி கேட்கும் பெட்டி. இப்படி வாசித்துப் பழகுகிறவரின் கைக்கு உதவும் விஷயங்கள் இருந்தால் வருவார். யூடியூபில் முதல் அறிமுகம், தளத்தில் தினசரிப் பயிற்சி என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்னாது. மின்னஞ்சல் பட்டியலையும் விட்டுவிடாதீர்கள். அல்காரிதம் மாறினாலும் அது உங்கள் கையில் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் ஆசிரியர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தக் குழப்பத்தில் யாராவது அவர்களிடம் பேசினார்களா? பார்வையாளர் கண்ணில் உங்கள் நிறுவனம் என்பதே அந்த முகங்கள்தான். 6 விநாடி வீடியோக்களால் புகழ்பெற்ற வைன் நினைவிருக்கும். ட்விட்டர் அதை 2012இல் வாங்கியது. தொடங்கிய மூவரும் நிறுவனம் மூடப்படும் முன்பே ஒவ்வொருவராக வெளியேறிவிட்டார்கள். 2015இல் முன்னணிப் படைப்பாளிகள் சிலர் நிர்வாகத்தைச் சந்தித்து ஊதியம் கேட்டார்கள், கமெண்ட்களில் வரும் வசைகளைத் தடுக்கும் வசதி கேட்டார்கள். உடன்பாடு ஏற்படவில்லை. அவர்கள் மற்ற தளங்களுக்குப் போனார்கள், ரசிகர்களும் பின்னாலேயே போனார்கள். 2016 அக்டோபரில் வைனை மூடுவதாக அறிவிப்பு வந்தது. உங்கள் ஆசிரியர்கள் ஒவ்வொருவரையும் இந்த வாரமே தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பணம் நேரத்துக்கு வருகிறதா, ஒப்பந்தம் யாரோடு, அவர்களுக்கு என்ன பயம் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாததைக் குறித்துக்கொண்டு சிஇஓவிடம் வாங்கித் தருவதாகச் சொல்லுங்கள்.

யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். சிஇஓ பேச்சை. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை, அவர் சொல்வது சில இடங்களில் தவறாக இருந்தாலும்கூட. நிறுவனரின் மெசேஜுக்கு ரகசியமாக வேலை செய்யத் தொடங்கினால் ஒரு மாதத்தில் உங்கள் குழு இரண்டாகப் பிளந்துவிடும். அடி முதலில் உங்கள் மேல்தான் விழும். அவரை நீங்கள் மதிக்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. மரியாதை குறையாமலே சொல்லலாம்: "சார், நீங்க சொல்றது எனக்கு முக்கியம். ஆனா இது சிஇஓ முடிவு பண்ண வேண்டிய விஷயம். நீங்க சொன்னதை நாளைக்கு மீட்டிங்ல உங்க பேர் சொல்லியே வைக்கிறேன். இல்லைன்னா நீங்களே அவர்கிட்ட பேசினா இன்னும் நல்லா இருக்கும்." சொன்னபடியே மறுநாள் மீட்டிங்கில் வையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் இரவு மெசேஜ் குறையும். அவருக்கும் இது வலியான காலம். தான் வளர்த்த இடத்தில் வாசலில் நிற்கிறார். அவருக்கென்று ஒரு வேலையைக் கொடுத்தால், உதாரணமாக நான் மேலே சொன்ன அந்த நேரலைகளை, ஆலோசகர் என்ற பதவிக்கு ஓர் அர்த்தம் வரும்.

அவர் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை உங்களுக்குள் இருந்தால், அதில் சாய்ந்துகொள்ளாதீர்கள். வியோ என்ற வீடியோ தளத்தில் நிறுவனர் திமித்ரி ஷாபிரோ 2009இல் மறுபடி சிஇஓ ஆனார். 2010 பிப்ரவரியில் நிறுவனம் திவாலானது. நெடுநாள் இழுத்த பதிப்புரிமை வழக்கும் பணத்தட்டுப்பாடும் யார் நாற்காலியில் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

புதியவர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். இரண்டு காலாண்டில் இரண்டு மடங்கு என்பது அவராகக் கண்ட கனவாக இருக்க வாய்ப்பு குறைவு. கையிருப்புப் பணம் எத்தனை மாதத்துக்குப் போதும் என்று அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அடுத்த முதலீட்டுச் சுற்று அந்தக் கெடுவுக்குள் வந்தால் அவருடைய அவசரம் உங்களுக்குப் புரியும், பேச்சும் வேறு மாதிரி போகும். அவர் கையில் இருக்கும் திறமையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பாடத்தை முழுதாக முடிப்பவர்கள், வாரா வாரம் திரும்பி வருபவர்கள் என்ற கூட்டத்தை இசைக்கருவி விற்பவர்களிடம் காட்டினால், சும்மா எட்டிப்பார்த்த வியூஸைவிட நல்ல விலை கேட்கலாம். அதைப் பேசி விற்கத் தெரிந்தவர் அவர்தான். விளம்பரம் பாடத்துக்கு நடுவில் வரக்கூடாது, இரண்டு பாடங்களுக்கு இடையில் மட்டும்தான் என்ற ஒரு விதியை மட்டும் முன்கூட்டியே பேசி வாங்கிவிடுங்கள். தாளம் பிடித்து வாசித்துக்கொண்டிருப்பவரை நடுவில் நிறுத்துவது கொடுமை.

வெளியிலிருந்து பார்க்கும்போது நிறுவனத்தின் அடையாளத்தையே மாற்றுவதுபோல் தெரியும் முடிவுகளும் சில நேரம் சரியாக அமைவதுண்டு. விமியோ என்ற வீடியோ தளத்தில் 2017 ஜூலையில் அஞ்சலி சூட் சிஇஓ ஆன சமயத்தில், பார்வையாளர்களுக்குச் சந்தா முறையில் நிகழ்ச்சிகள் வழங்கும் திட்டத்தை நிறுவனம் கைவிட்டது. பார்க்க வருபவர்களுக்காக யூடியூபோடும் நெட்ஃப்ளிக்ஸோடும் மல்லுக்கட்டாமல், வீடியோ எடுப்பவர்களுக்குக் கருவிகளை விற்பது என்று முடிவெடுத்தார்கள். பழைய ரசிகர்கள் சிலருக்கு வருத்தம்தான். ஆனால் யாருக்காக வேலை செய்கிறோம் என்பதில் குழப்பம் இருக்கவில்லை, 2021இல் தனி நிறுவனமாகப் பங்குச்சந்தைக்கும் வந்தார்கள். உங்கள் சிஇஓவிடமும் இதைக் கேளுங்கள்: நாம் விளம்பரதாரருக்காகக் கூட்டம் சேர்க்கிறோமா, கற்பவருக்காகப் பாடம் செய்கிறோமா? இரண்டும் என்று பதில் வந்தால், இரண்டும் மோதும்போது எது முதலில் என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் நீங்கள் இந்த வேலையில் தொடர முடியுமா என்பதை முடிவு செய்ய வேண்டும்.

வேலையை விடுவது பற்றி. மூன்று மாதம் மிகக் குறைவு, நடப்பவை பெரும்பாலும் பேசித் தீர்க்கக்கூடியவை. ஆனால் இரண்டு இடங்களில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். விளம்பரதாரருக்கோ முதலீட்டாளருக்கோ தெரிந்தே உப்பிய எண்ணைத் தரச் சொன்னால், அல்லது பணம் கட்டிக் கற்பவர்களிடம் பொய் சொல்லச் சொன்னால், எழுத்தில் மறுத்துவிட்டு வேறு வேலை தேடுங்கள். அந்த இரண்டும் நடக்காதவரை ராஜினாமா கடிதம் எழுத வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

போர்டு கூட்டம் எப்போது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அதற்குப் பத்து நாள் முன்பாவது அந்த மூன்று மாதக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி சிஇஓ கையில் கொடுத்துவிடுங்கள். மேலே திரும்பி வருபவர்களின் எண், கீழே குறைந்ததற்கான காரணம், அதற்குக் கீழே மறுபடி எடுத்த அந்த ஒரு பாடத்தில் என்ன மாறியது என்பது. போர்டுக்கு அது அவருடைய பெயரிலேயே போகட்டும்.